பிரார்த்தனைக்குப் போவீங்களா?

"ஊர் முழுக்க ஒரே மதம். அந்தம்மா முதல்ல அதைத்தான் கேட்கும். நாங்களும் உங்க ஆளுங்கதான்னு அடிச்சு விடுங்க" என்று வாடகை வீடு தேடி வந்த தம்பதியிடம் புரோக்கர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இதுவரை வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாராம் அந்த வீட்டுக்காரம்மா.

மாடியைச் சுற்றிக் காட்டிவிட்டு அவர் அதையேதான் கேட்டார். "வாரப் பிரார்த்தனைக்கு ரெண்டு பேரும் போவீங்களா?"

"ஒரு வாரம்கூடத் தவறினதில்லைங்க" என்று கணவன் முந்திக்கொண்டான்.

வீட்டுக்காரம்மாவின் முகம் விழுந்துவிட்டது. நீட்டிய சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சரிப்படாதும்மா. வேற இடம் பாருங்க."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா. வீடு கிடைக்கணுமேன்னு இவர் பொய் சொல்லிட்டாரு. நாங்க உங்க மதமே இல்ல. அந்த நேரத்துல வீட்லதான் இருப்போம்."

"நிஜமாவா?"

வீட்டுக்காரம்மா விறுவிறுவென்று கீழே இறங்கி, உள்ளறைக் கதவைத் திறந்தார். கட்டிலில் படுத்திருந்தவர் கையசைத்தார்.

"என் வீட்டுக்காரர். கீழே விழுந்ததுலேருந்து நடக்க முடியல. பிரார்த்தனை நேரத்துல தெருவே காலியாயிடும். இவருக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இருக்காது. நான் அங்க போயே வருஷக்கணக்காச்சு. புரோக்கர் கூட்டிட்டு வர்றவங்க அத்தனை பேரும் பக்திமான்களா இருக்காங்களேன்னு நொந்துபோயிருந்தேன்!"

"இந்த வாரமே போயிட்டு வாங்கக்கா. நாங்க பாத்துக்கறோம்."

சாவி மனைவியின் கைக்கு வந்தது. கட்டிலிலிருந்து குரலும் வந்தது.

"தம்பி, உங்களுக்குச் சீட்டாடத் தெரியுமா? இவ இருந்தா தொடவே விடமாட்டா!"