வயலின் பார்த்த முகம்

ஒலிப்பதிவு அறையின் திரையில் காதல் படம் சத்தமில்லாமல் ஓடுகிறது. கதாநாயகி வேகவேகமாக நடக்கிறாள். கதாநாயகன் சிரித்துக்கொண்டே பின்னால் வருகிறான். இசைக்குறிப்புத் தாளில் ‘இனிமை’ என்று சிவப்பு மையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறது. வயலின்காரம்மா மூன்றாவது தடவையும் அடிக்குரலில் உறுமும் தடித்த தந்தியில்தான் வில்லை இழுக்கிறார். அந்த இழுப்பில் கதாநாயகனின் சிரிப்பு வெறும் பல்லாகத் தெரிகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். இயக்குநர் மைக்கைப் பிடுங்கிக் கத்துகிறார். “அக்கா, இது லவ் படம், பேய்ப் படம் இல்ல! அவன் மூஞ்சியில எவ்வளவு காதல் வழியுது, பாத்து வாசிங்க!” வயலின்காரம்மா தாடையிலிருந்து வயலினை எடுக்கவில்லை. “அவன் மூஞ்சியப் பாக்கத்தான் நீங்க எல்லாரும் இருக்கீங்களே, தம்பி. நான் அவ மூஞ்சியப் பாத்து வாசிக்கிறேன்.” வில் மறுபடியும் அதே தந்தியில் இறங்குகிறது.