திருந்திய வாலிபன்

"'நான் கஞ்சா வித்துகினு இருந்தேன்'னு சொல்றப்போ தொண்டை அடைக்கணும்டா. எங்க, இன்னொரு தபா சொல்லு."

இன்ஸ்பெக்டர் நீலமேகம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எதிரே ஜெரி, புது மஞ்சள் டீ ஷர்ட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, நான் பீடி கூடப் புடிச்சதில்லீங்க ஐயா."

"அது எனக்குத் தெரியும். துணை கமிஷனருக்குத் தெரியுமா? உனக்கு மூஞ்சி பொருத்தமா கீது, பாஷையும் நல்லா வருது. அது போதும்."

ஜெரி வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. தூக்கம் ஸ்டேஷன் பெஞ்சில், சாப்பாடு பொட்டலத்தில். நாளைக் காலை எட்டு மணிக்கு ராயபுரம் மாதா கோயிலில் அவன் அக்கா கிறிஸ்டினாவுக்குக் கல்யாணம். அப்பா இல்லை. அக்கா கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப் போக அவன் ஒருத்தன்தான் இருக்கிறான்.

காலையில் அம்மா சிலுவையம்மாள் ஸ்டேஷன் வாசலுக்கே வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டாள். "ஒரே ஒரு நாளு வுடுங்க சார். தாலி ஏறினதும் நானே கொணாந்து வுட்டுடறேன்."

"சாயங்காலம் மன்றம் திறப்பு விழா இருக்கும்மா. உன் புள்ள ஒழுங்கா பேசட்டும், அனுப்பி வைக்கிறேன்."

காவல் இளைஞர் மன்றம்! அதில் சேரச் சொல்லிப் போன வாரம் ஜீப் குப்பத்துக்குள் நுழைந்தது. பார்த்த மாத்திரத்தில் பாதிப் பையன்கள் படகேறிக் கடலுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் அத்திப்பட்டில் சித்தி வீட்டில் இருப்பதாகக் கேள்வி. "கேரம் போர்டு தர்றோம், நில்லுங்கடா!" என்று ஏட்டு டில்லிபாபு பின்னாலேயே ஓடினார். ஓடும்போது லத்தியைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் டில்லிபாபு லேசுப்பட்டவரா? சாயங்காலம் நாலு மணிக்கு ஷாமியானாவின் கீழ் நாற்பது மஞ்சள் டீ ஷர்ட்டுகள் வரிசை பிசகாமல் உட்கார்ந்திருந்தன.

துணை கமிஷனருக்கு வாயெல்லாம் பல். "என்ன நீலமேகம், ஒருத்தன் தலையில கூடப் புள்ளிங்கோ கட்டிங் இல்லையே!"

"மன்றத்துல சேர்ந்ததும் அவங்களே போய் ஒட்ட வெட்டிக்கிட்டாங்க ஐயா."

ஜெரி மைக்கைப் பிடித்தான். அக்காவை நினைத்தான். கண்ணீர் தானாகக் கொட்டியது.

"நான் கஞ்சா வித்துகினு இருந்தேங்க. வூட்ல ஒரே பேஜாரு. நீலமேகம் ஐயாதான் தோள்ல கையப் போட்டு, 'வா நைனா, கேரம் ஆடலாம்'னாரு. அன்னிக்குத் திருந்தினவன்தாங்க!"

அந்தக் கேரம் போர்டு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மேடையிலேயே இருந்தது. அதை யார் கவனித்தார்கள்? கைதட்டல் அடங்கவே இல்லை. துணை கமிஷனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீலமேகம் ஜெரியைப் பார்த்து 'கிளம்பு' என்று கண்ணைக் காட்டினார். ஜெரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்போதே பஸ் பிடித்தால் ஆறு மணிக்குள் வீடு.

"நீலமேகம்!" துணை கமிஷனரின் குரல் தழுதழுத்தது. "இந்தப் பையன் பேச்சை ஊரே கேக்கணும். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு மணலி புதுநகர்ல மன்றம் திறக்கிறோம். இவன் அங்க இருக்கணும். அப்புறம் வாரம் பூரா, தினம் ஒரு ஸ்டேஷன்!"

"கட்டாயம் ஐயா," என்றார் நீலமேகம், ஜெரியின் முகத்தைப் பார்க்காமல்.

ஜெரி ஓர் அடி முன்னால் வந்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் துணை கமிஷனர் புறப்பட எழுந்துவிட்டார்.

மேலதிகாரி எழுந்தால் உடம்பு யார் பேச்சைக் கேட்கும்? கான்ஸ்டபிள் ஜெரி குதிகாலைச் சேர்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். அடுத்த நொடி, ஆளுக்கு ஒரு நாள் லீவு தருவதாகச் சொல்லி நாலு ஸ்டேஷன்களிலிருந்து கூட்டி வரப்பட்டிருந்த நாற்பது கான்ஸ்டபிள்களும் மஞ்சள் டீ ஷர்ட்டோடு எழுந்து, ஒரே சீராகச் சல்யூட் அடித்தார்கள்.