பலகை இல்லாத மாடி

தையற்கடை மாடியில், பெயர்ப்பலகைகூட வைக்காமல், பத்து வருடமாக மனநல ஆலோசனை சொல்லிவந்தாள் ஹெப்சிபா. வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். வலைத்தளம் விற்கும் விற்பனையாளன் ஒருவன் விடாமல் நச்சரித்தான்.

“வலைத்தளம் வச்சா நீங்க காத்துக்கிடக்க வேண்டாம் மேடம். உங்க குறிப்பையெல்லாம் படிச்சுட்டு, உங்க முகத்தோட, உங்க குரல்ல, அதுவே அவங்கவங்க வீட்டுச் சுவர்த்திரைல போய்ப் பேசும்.”

மறுத்து மறுத்து அலுத்துப்போயிருந்தாள். “சரி, வச்சுத் தொலைங்க” என்றாள்.

ரவிக்கை தைக்கக் கொடுப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வியாழன்தோறும் மாடியேறும் செண்பகவல்லி அந்த வாரம் வரவில்லை. போனில் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“எங்க மாமியார் முன்னாடி சுவர்ல வந்து, ‘வீட்டுக்காரர் இப்பவும் அடிக்கிறாரா’ன்னு கேட்டீங்களே மேடம். இனிமே நெசமாவே ரவிக்கை தைக்கணும்னாலும் என்னை வெளிய விடமாட்டாங்க.”