வெட்டி எடுத்த கட்டு

சகாயம் கூண்டுச் சண்டைக்கு இறங்கிய பதினோரு தடவையும் அவன் கையில் துணி சுற்றி டேப் ஒட்டியவன் நான்தான். பன்னிரண்டாவதுக்குப் பெரிய கம்பெனி கூப்பிட்டது. கட்டுப்போட அவர்களே ஆள் வைத்திருக்கிறார்களாம். வெளியாள் கட்டினால் உள்ளே எதையாவது ஒளித்துவிடுவானாம். ஜெயித்த கையோடு சகாயம் என்னைப் பார்க்க வந்தான். கத்தரியால் வெட்டிக் கழற்றிய கட்டை மேசைமேல் வைத்தான். ஆமை ஓடு மாதிரி விறைத்து, அவன் முஷ்டியின் வடிவத்திலேயே இருந்தது.

"பாரு நைனா, இன்னாமா கட்டிக்கிறான். கட்டுனதே தெரில."

விரல் இடுக்கு, மணிக்கட்டு எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. நான்கூட அப்படிக் கட்டியதில்லை.

"கட்டவிரல்ல லூஸா கீது," என்றேன். "என்னிக்காவது பிசகும். இன்னும் ரெண்டு சுத்து இறுக்கிப் போடச் சொல்லு."

"நீ சொன்னா சரி நைனா."

என் பேச்சை அவன் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அடுத்த சண்டையை டிவியில் பார்த்தோம். இரண்டாவது ரவுண்டில் சகாயம் இடது கையை உதறினான். கட்டைவிரலை மடக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உதறினான். எதிராளி அதைக் கவனித்துவிட்டான். அந்தப் பக்கமாகவே நெருங்கினான்.

"கை மரத்துப்போச்சா புள்ளைக்கு?" என்று கேட்டாள் என் மனைவி ரோசாலி.

"கட்டுனவனப் போய்க் கேளு," என்றேன்.