அம்மன் சொன்ன பிரேக்

"ஓசியா? அதான் எனக்குச் சந்தேகமே! காத்தடிக்கவே காசு வாங்குற ஆளு நீ. பிரேக்கை ஓசியில மாத்தித் தர்றேங்கிறியே!"

வான்லாய் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே சிரித்தார். வண்டியின் பின்னால் ஊர்த் தலைவர் தேர்தலுக்கான அவருடைய கொடி படபடத்தது. கண்ணாடியில் மாசூ அம்மன் கோயில் சிவப்புத் தாயத்து ஆடியது.

ஸ்கூட்டர் கடைக்காரர் ஜின்தே, ஸ்பானரும் கையுமாக வழியை மறித்து நின்றார்.

"நான் தரல அண்ணே, கம்பெனி தருது. இந்த மாடல்ல பிரேக் பிடி திடீர்னு உடையுதாம். வித்த வண்டி எல்லாத்தையும் வரவழைச்சு மாத்திக் குடுன்னு உத்தரவு. போன வாரம் நம்ம சாய் அண்ணன் மீன் குளத்துல போய் விழுந்தாரே, எதனாலங்கிறீங்க?"

"அவன் குடிச்சிருந்தான்."

"குடிச்சிருந்தார்தான். ஆனா பிடி அவர் கையோட வந்திருந்துச்சே!"

"என் வண்டி நல்லாத்தானே ஓடுது! வாங்கின அன்னிக்கே அம்மன் சன்னதி ஊதுபத்திப் புகையில காட்டி எடுத்த வண்டி. கம்பெனிக்காரன் கழட்டி மாட்டினா அந்த ஆசி போயிடும். வழிய விடு தம்பி."

ஜின்தே வழி விடவில்லை. வான்லாய் வாங்கினார் என்பதற்காகவே அந்தக் கடலோர ஊரில் சிப்பி வளர்க்கிறவர்கள் எல்லோரும் இதே மாடலை வாங்கியிருந்தார்கள். இப்போது வான்லாய் வரவில்லை என்பதற்காகவே ஒருவரும் கடைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் காலையில் இந்த மனிதர் பேத்தி யிங்யிங்கை முன்னால் கால் வைக்கும் பலகையில் நிற்கவைத்துக்கொண்டு பாலர் பள்ளிக்குப் பறப்பதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

பக்கத்தில் தான் நடத்தும் ஊதுபத்தி, பூஜைச் சாமான் கடையிலிருந்து ஜின்தேவின் மனைவி சியூஜூ தலையை நீட்டினாள்.

"என்னங்க, கம்பெனியிலேர்ந்து மறுபடியும் ஃபோன். எப்பதான் மாத்துவீங்கன்னு கத்துறாங்க."

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு!" என்று எரிந்துவிழுந்த ஜின்தே, வான்லாய் பக்கம் திரும்பினார். "அண்ணே, நான் சொன்னாலும் கேக்க மாட்டீங்க, கம்பெனி சொன்னாலும் கேக்க மாட்டீங்க. அம்மன் சொன்னா?"

வான்லாய் இப்போதுதான் வண்டியை விட்டு இறங்கினார்.

"அம்மன் சொன்னா மறுபேச்சு ஏது? நான் தேர்தல்ல நிக்கிறதே அவ சொல்லித்தானே!"

"எதிர்த்து நிக்கிற ரெண்டு பேரும் அதையேதான் சொல்றாங்க" என்று முணுமுணுத்தாள் சியூஜூ.

கோயிலில் கூட்டமில்லை. பிறை வடிவக் கட்டைகள் இரண்டும் பீடத்தில் இருந்தன. புத்தாண்டுக்கு வாங்கியவை, சிவப்புச் சாயம்கூட மங்கவில்லை. கேள்வியைச் சொல்லிவிட்டுத் தரையில் போட வேண்டும். தட்டைப் பக்கம் ஒன்றும் வளைந்த பக்கம் ஒன்றும் மேலே தெரிந்தால் அம்மன் 'ஆமாம்' என்கிறாள். இரண்டும் தட்டை என்றால் சிரிக்கிறாள். இரண்டும் வளைவு என்றால் 'கிடையாது'. தொடர்ந்து மூன்று முறை 'ஆமாம்' விழுந்தால்தான் செல்லும்.

வான்லாய் மண்டியிட்டுக் கட்டைகளைக் கையில் எடுத்தார்.

"தாயே, என் வண்டிய இப்படியே ஓட்டலா..."

"நிறுத்துங்கண்ணே!" ஜின்தே பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். முகம் வெளுத்துவிட்டது. "இப்படியா கேக்குறது?"

"வேற எப்படிக் கேக்குறதாம்? நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

"கோளாறை மறைச்சா கேக்குறது? கூட யாரு வர்றாங்கன்னு சொல்ல வேணாமா? புள்ள பேரைச் சொல்லிக் கேளுங்க. 'பிரேக்கை மாத்தவா'ன்னு நேரா கேளுங்க."

பேத்தியின் பேரைச் சொன்னதும் வான்லாயின் குரல் இறங்கிவிட்டது.

"தாயே, என் பேத்தி யிங்யிங் என்கூட வண்டியில வர்றா. இவன் பிரேக் சரியில்லைங்கிறான். மாத்தட்டுமா?"

கட்டைகள் விழுந்தன. ஆமாம்.

இரண்டாம் முறை. ஆமாம்.

மூன்றாம் முறை. ஒரு கட்டை உடனே தட்டைப் பக்கம் மேலாகப் படுத்தது. மற்றொன்று சற்று நேரம் தள்ளாடி, வளைந்த பக்கம் மேலே தெரியக் கவிழ்ந்தது.

வான்லாய் தலை தரையில் படும்படி விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. "தினமும் அதை முன்னாடி நிக்க வச்சுக்கிட்டு ஓட்டினேனே! நீயாவது என்னைக் கன்னத்துல அறைஞ்சிருக்கக் கூடாதா தம்பி?" என்றார். வண்டியில் ஏறவும் பயந்து கடைவரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. ஆனால் வான்லாய் வண்டிக்குச் சொன்னது தன் வண்டிக்கும் செல்லுமா என்று ஒவ்வொருவருக்கும் சந்தேகம். கோயிலுக்குப் போய்த் தனித்தனியாகக் கேட்டார்கள். போனவர்கள் எல்லோரும் பயபக்தியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜின்தே கடைக்கு வந்தார்கள்.

சாயங்காலம் ஜின்தே குனிந்து புதுப் பிடியை மாட்டிக்கொண்டிருந்தபோது சியூஜூ அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"என்னங்க, அந்தக் கட்டைக் கம்பெனிக்காரன் திரும்பவும் கூப்பிட்டான். புத்தாண்டுக்கு நாம கோயிலுக்கு வித்தோமே, அந்த ஜோடியில எடைக் கோளாறுதானாம். ஒண்ணு எப்பவும் தட்டையா, ஒண்ணு எப்பவும் வளைவாத்தான் விழுமாம். எதைக் கேட்டாலும் 'ஆமாம்'தான். உடனே அனுப்புங்க, ஓசியிலயே மாத்தித் தர்றோம்னு கெஞ்சுறான்."

ஜின்தே வாசலில் நின்ற வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

"இன்னும் பாதி வண்டி பாக்கி இருக்கு, கிடக்கட்டும் விடு. நல்லாத்தானே விழுது!"