அடி படக்கூடாது

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்."

சௌம்யா மேஜைக்கு மேல் கையை நீட்டி டாக்டர் ரமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"எதை? குணமாயிட்டீங்கன்னா?"

"ம்."

ரமாவுக்குச் சிரிப்பு வந்தது. கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பாருங்க. பிளேட்லெட் ஒண்ணே முக்கால் லட்சம். முதல் தடவை வந்தப்ப ஐயாயிரம்கூட இல்ல. மத்தவங்க இதுக்கு மைசூர்பாக் வாங்கிட்டு வருவாங்க."

"இன்னும் கம்மியாவே இருக்குன்னு சொல்லிடுங்க."

ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்களை உடம்பே பகையென்று நினைத்து அழிக்கும் நோய். பெரும்பாலும் முதல் மருந்துக்கே அடங்கிவிடும். சௌம்யாவுக்கு அடங்கவில்லை. பல் துலக்கினால் ரத்தம். தூங்கி எழுந்தால் உடம்பில் புதிதாக ஒரு நீலம். மூன்றாவது மருந்துதான் கேட்டது.

நோயை விட மனமில்லாதவர்களை ரமா பார்த்திருக்கிறார். படுத்திருக்கும்வரை வீடே தாங்கும். எழுந்தால் மறுபடி அடுப்படி. இவளுக்கோ, தாங்குகிறவன் சாதாரணமாகத் தாங்கவில்லை.

மருந்து வாங்கக் கீழே போயிருந்த கணவன் பாலகுமார் ஒருமுறைகூட அவளைத் தனியே அனுப்பியதில்லை. அவள் நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் மேஜையின் முனையை உள்ளங்கையால் மூடிக்கொள்வான், இடித்துக்கொண்டுவிடக் கூடாதென்று. நர்ஸ் ரக்ஷா அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு மேடம். காபி குடிச்ச டம்ளரைக்கூட நகத்தாது."

பொம்மனஹள்ளியில் அவர்கள் இருக்கும் வீட்டைப் போனில் படமெடுத்துக் காட்டியிருந்தான். கட்டில், அலமாரி, கதவு நிலை, கேஸ் அடுப்பு மேடை, எல்லா முனைகளிலும் சாம்பல்நிற ஸ்பாஞ்ச், டேப் சுற்றி ஒட்டியது. முனையே இல்லாத வீடு. காலி செய்துகொண்டு போகச் சாமான்களைக் கட்டிவைத்த மாதிரி இருந்தது. ஒரு படத்தின் ஓரத்தில் சௌம்யா நின்றாள், அவளை மட்டும் கட்ட மறந்துவிட்டதுபோல.

"நியாயமா சௌம்யா? அந்த மனுஷன் இத்தனை நாளா பயந்துகிட்டே இருக்கார்."

"ஆமா. பயந்துகிட்டேதான் இருக்கார்," என்றாள் அவள். "தலையில அடி பட்டா உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிரே போயிடும்னு முதல் நாள் சொன்னீங்கல்ல. அதுக்கப்புறம் எனக்கு அடியே படலை டாக்டர்."

"எப்படிப் படும்? வீடு முழுக்க ஸ்பாஞ்ச் கட்டி வெச்சிருக்காரே."

"ஸ்பாஞ்ச் அப்புறம்தான் கட்டினார்."

கதவு திறந்தது. மணிக்கட்டிலிருந்த கை போய்விட்டது.

பாலகுமார் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்ன மேடம், இந்தத் தடவை பாஸா ஃபெயிலா? வேணாம், சொல்லாதீங்க. உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது. ஏறிடுச்சு."

ரமா சொல்ல வாயெடுத்தார்.

"அப்ப அந்த ஸ்பாஞ்சையெல்லாம் பிச்சு எறிஞ்சிடலாம்," என்று சிரித்தான். சிரித்தபடியே சௌம்யாவின் பக்கம் திரும்பினான். "இனிமே லேசா அடி கிடி பட்டா ஒண்ணும் ஆகாதில்ல மேடம்?"

கேள்வி ரமாவுக்கு. அவன் பார்த்துக்கொண்டிருந்தது சௌம்யாவை.

சௌம்யாவின் இடது கை தானாக எழுந்து காதையும் கன்னத்தையும் மூடியது. பிறகு, தலைமுடியை ஒதுக்குவதுபோல மெல்லக் கீழே இறங்கியது.

முதல் நாள் அந்தக் காதிலிருந்து கழுத்துவரை நீலம் இருந்தது. "அடி பட்ட மாதிரிதான் இருக்கும். இந்த நோய்ல தானா வர்றது," என்று ரமாதான் சொன்னார். "இதைத்தான் மேடம் இவ அம்மாகிட்ட நானும் சொன்னேன், நம்பவே மாட்டேன்னாங்க," என்று இதே நாற்காலியில் இதே சிரிப்போடு சொன்னான் இவன். அதற்குத் தானும் தலையாட்டியது ரமாவுக்கு நினைவு வந்தது.



ரமா திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏறலை. இறங்கியிருக்கு."

"இறங்கியிருக்கா?"

"முன்னைவிட மோசம். இப்ப இவங்க மேல ஒரு விரல் பட்டாலும் போதும். அப்படி ஏதாவது ஆச்சுன்னா நான் முதல்ல போலீஸுக்குத்தான் எழுதணும்."

"போலீஸ் எதுக்கு மேடம்?"

"அடின்னு வந்துட்டா எங்களுக்கு அதுதான் ரூல். இன்னிக்கே அட்மிட் பண்றேன். கூட யாரும் இருக்கக் கூடாது, இன்ஃபெக்‌ஷன் ஆகும். அவங்க அம்மா ஒருத்தர் போதும். நம்பர் குடுத்துட்டுப் போங்க."

காலையில் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்து, "மேடம், ஒண்ணே முக்கால்" என்று ஓடி வந்தவள் ரக்ஷாதான். ஓரத்தில் ரத்த மாதிரிக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து ரமாவைப் பார்த்தாள். பிறகு பாலகுமாரைப் பார்த்தாள்.

"லேடீஸ் வார்டுல பெட் இருக்கு மேடம். நானே கூட்டிட்டுப் போறேன்."

சௌம்யா எழுந்தாள்.

பாலகுமார் அவசரமாகக் கையை நீட்டி மேஜையின் முனையை மூடிக்கொண்டான்.

அவள் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு ரக்ஷாவோடு நடந்தாள்.