வசனம் இல்லாத நடிகர்

"கதை நல்லாத்தான்லே இருக்கு. ஆனா அந்தப் பிள்ளைய எதுக்குப் படம் பூரா அழ விட்டிருக்கான்? நமக்கே தலை வலிக்கு."

போனின் மறுமுனையில் தம்பி பெனிஸ்டன் சிரித்தான். தோஹாவில் வேலை. யூடியூபில் கிடைக்கும் பழைய தமிழ்ப் படம் ஒன்றின் லிங்க்கை வாராவாரம் அக்காவுக்கு அனுப்பிவிடுவான். வெள்ளிக்கிழமை விடுமுறையில் அவன் அங்கே பார்ப்பான். ஈவாஞ்சலின் தூத்துக்குடி முத்தையாபுரத்தில் தன் வாடகை வீட்டில் பார்ப்பாள். சாயங்காலம் இருவரும் போனில் படத்தைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள்.

கணவர் இறந்து, டீச்சர் வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பிறகு அவளாகத் தேடிப் பிடித்த வீடு அது. மதியமே ஜன்னல்களை அடைத்துவிடுவாள். துறைமுகத்துக்குப் போகிற லாரிச் சத்தமும் உப்புக் காற்றும் வெளியே நிற்க, அவளும் டிவியும் மட்டும் உள்ளே.

"கோர்ட் சீன் எப்படி இருந்துச்சிக்கா?"

"பரவால்ல. வக்கீலா வாரவன் நல்லாப் பேசுதான். ஆனா எனக்கு அந்தப் பங்களா சீன்தான் பிடிச்சிது. ஒரே ஒரு மெழுகுவத்திய வச்சி எப்படி எடுத்திருக்கான் பாரு. அதுலயும் நம்ம ஆளு வந்துட்டான்."

"எந்த ஆளு?"

"பின்னால நிப்பான்லா, அவன்தான். போன வாரம் பேய்ப் படத்துலயும் வந்தான். இருட்டுச் சீன்னா வந்து நின்னுருதான். பாவம், எந்தப் படத்துலயும் ஒரு வசனம்கூட குடுக்க மாட்டேங்கானுவ."

பெனிஸ்டன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அக்கா, அந்தச் சீன்ல மாமனாரும் மருமவளும் மட்டுந்தான் இருக்காங்க."

"நீ சரியாப் பாக்கல. முன்னெல்லாம் தூரத்துல வாசல்கிட்ட நிப்பான். இப்பம் படத்துக்குப் படம் முன்னால வாரான். கொஞ்சம் பேரு வாங்கிட்டான் போல."

"நான் அனுப்புன டிவி சீரியல்? அந்தத் துப்பறியும் கதை, அதுல?"

"அதுலயும் வந்தான்."

"அக்கா, இந்தப் படம் அறுபதுல வந்தது. அந்த சீரியல் எண்பத்தஞ்சுல எடுத்தது. அவனுக்கு வயசே ஆகலயா?"

ஈவாஞ்சலின் யோசித்துப் பார்த்தாள். ஆகவில்லைதான்.

தம்பி என்ன நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அம்மா கடைசிக் காலத்தில் வெறும் நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். வராத விருந்தாளிக்குக் காப்பி போடச் சொன்னாள். பிறகு பெற்ற பிள்ளைகளையே யாரென்று கேட்டாள்.

"லீவுக்கு வந்ததும் ஒரு டாக்டரப் பாத்திருவோம்" என்றான் பெனிஸ்டன். "அந்த வீட்டையும் காலி பண்ணிரலாம். நம்ம ஊரு நாசரேத்துக்கு வந்திரு. ஜெபிஷா உன்னப் பாத்துக்கிடுவா."

ஜெபிஷா அவன் மனைவி. தங்கமான பெண்தான். ஆனாலும் இந்த வீட்டை விட்டுப் போக ஈவாஞ்சலினுக்கு மனசில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லலே."

"அம்மாவும் அப்படித்தான் சொன்னாவ."

அந்த வாரம் முழுக்க அந்தச் சொல் அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. சமைக்கும்போது பைபிளின் நூற்றுமூன்றாம் சங்கீதத்தைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்தாள். ஒரு வரிகூடத் தப்பவில்லை. கடைசியாகப் பாடம் எடுத்த வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னாள். அதுவும் தப்பவில்லை.

பிறகு அந்த ஆள் மட்டும் எப்படி?

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது கலங்கரை விளக்கத்தில் நடக்கும் ஒரு கொலைக் கதை. யார் கொன்றார்கள் என்பதில் அவளுக்கு அக்கறையே இல்லை. இருட்டுச் சீனுக்காகக் காத்திருந்தாள். கதாநாயகன் விளக்கை ஊதி அணைத்தான்.

அவன் வந்துவிட்டான். இதுவரை இல்லாத அளவுக்குப் பக்கத்தில் நின்றான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தும் நிழல் போலத்தான் தெரிந்தான். ஆனாலும் அவனேதான்.

படத்தை அப்படியே நிறுத்தினாள். போனில் போட்டோ எடுத்துத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"பாத்தியா?"

"இரு, பெருசாக்கிப் பாக்கேன்."

"உனக்குத் தெரியுதானாலே?"

"தெரியுதான்."

ஈவாஞ்சலினுக்குக் கண் நிறைந்துவிட்டது. சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அம்மாவுக்கு வந்தது எனக்கு வரலலே. இப்பமாவது நம்புதியா? நீ பாத்த படத்துல அவன வெட்டிருப்பானுவ, அவ்வளவுதான்."

"அக்கா." பெனிஸ்டனின் குரல் தணிந்திருந்தது. "இது கறுப்பு வெள்ளைப் படம்."

"ஆமா. அதுக்கென்ன?"

"போட்டோல அவன் நீலச் சட்டை போட்டிருக்கான். அக்கா, சத்தம் காட்டாத. ஒண்ணையும் தொடாத. மெதுவா எந்திரிச்சி வெளிய போயிரு."

அதற்குள் அவள் விரல் ரிமோட்டை அழுத்திவிட்டது. படம் மறைந்தது. கறுத்த திரையில், சோபாவில் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருக்கும் ஈவாஞ்சலின் தெரிந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.